மடிப்போடு வெட்டிய கதவு

1

"மாமாவை எதுக்குடி சாகடிச்ச?"

"கதைக்குத் தேவைப்பட்டுச்சுக்கா."

"ஏன், கதைக்குக் கொஞ்சம் காய்ச்சல் போதாதா? நேரா சாவுதானா?"

"கதையில நீ தனியா உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்யறே. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்யுது. தனியா இருக்கேன்னா அதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

"பனியா? பனியை நீ எங்கடி பார்த்தே?"

"படிச்சிருக்கேன்."

"அந்த மனுஷன் மேல் மாடியில உயிரோட உட்கார்ந்திருக்காரு. காலையில அவர் குழாய் திறந்த சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவரைக் கொன்னு, என்னை விதவையாக்கி, அதுக்கு மேல பனியையும் கொட்டி வெச்சிருக்கே. முதல்ல அவரை எழுப்பு."

எழுப்பிவிட்டேன். ஒரு வரியை அடித்தால் போதும், மனிதர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். எழுதுவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

வாசகரே, இந்தக் கதை பிறந்தது அந்த அடித்த வரியில். தூரத்து நகரம் ஒன்றில் அட்டை செய்யும் விதவையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துப் படித்து, யாராவது ஜன்னலோரம் உட்கார்ந்தாலே வெளியே பனி பெய்தாக வேண்டும் என்று என் கை தானாக எழுதிவிடுகிறது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிவது எதிர்க் கட்டடத்து ஏசியின் பின்புறம். அது சொட்டும். எங்கள் பருவநிலை அவ்வளவுதான்.

2

கைவிட்ட தொடக்கங்கள் சில. குப்பையில் போட மனம் வரவில்லை.

"பனி விழும் ஓசையைக் கேட்டபடி அவள் கத்தரிக்கோலை..."

"வாழ்த்து அட்டை என்பது மடித்த தாள் அல்ல, மடித்த..." [மடித்த என்ன? மூன்று கோப்பை காப்பி குடித்தும் தெரியவில்லை.]

"அக்காவின் சாப்பாட்டு மேசையில் ஒரு மெஷின் இருக்கிறது."

கடைசியில் உள்ளது உண்மை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

அக்காவின் சாப்பாட்டு மேசையில் ஒரு மெஷின் இருக்கிறது. இரண்டு உருளைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் கெட்டித்தாள், தாளின்மேல் டை என்று சொல்லும் இரும்பு அச்சு, எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு தட்டு. இந்த அடுக்கை ஒரு பக்கம் நுழைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், எலும்பு நெரிவதுபோல ஒரு சத்தத்தோடு மறுபக்கம் வெளியே வரும். தாளில் பூவோ பறவையோ அச்சின் வடிவத்தில் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டியதை ஒட்டி, மினுக்குத்தூள் தூவி, உள்ளே ரப்பர் ஸ்டாம்பால் வாழ்த்தைக் குத்தினால் அட்டை தயார். கடைகள் இவற்றை அக்காவிடம் வாங்கிக்கொள்கின்றன.

அக்கா எதையும் கையால் எழுதமாட்டாள். "கையால எழுதினா அது கடிதம்டி. கார்டுன்னா அச்சுல இருக்கணும்" என்பாள். அவளிடம் இருக்கும் வாசகங்கள் சொற்பம்: பிறந்தநாள் வாழ்த்துகள். நன்றி. விரைவில் குணமடையுங்கள். புது வீட்டுக்கு வாழ்த்துகள். இன்னும் ஓரிரண்டு. மனித வாழ்க்கையில் நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் இவை போதும் என்பது அவள் எண்ணம்.

[நான் எழுத எழுத அக்கா பக்கங்களை வாங்கிப் படிக்கிறாள். கருத்தையும் கையால் எழுதமாட்டாள். பிடித்தால் ஓரத்தில் "நன்றி" குத்துவாள். பிடிக்காவிட்டால் "விரைவில் குணமடையுங்கள்". மேலே மூன்று கோப்பை காப்பி என்று வருகிறதல்லவா, அங்கே ஓரத்தில் இருப்பது: விரைவில் குணமடையுங்கள். பால் தீர்ந்துபோனதைச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.]

3

மாமா, அதாவது அக்காவின் கணவர், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். அவர் புருவத்தில் எப்போதும் அக்காவின் மினுக்குத்தூள் இருக்கும். அவர் குனிந்து கண்ணைப் பார்க்கும்போது வாடிக்கையாளர்களுக்கு நட்சத்திரம் தெரிந்தது. ஒருவர் அதையும் ஒரு கண் கோளாறு என்று நம்பி, பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். மாமா அதற்கெல்லாம் கோபப்படவில்லை. ஒருநாள் அவர் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அக்காவின் மெஷின் பிளாஸ்டிக் தட்டின்மேல் வைத்தார். தட்டு அப்பளம்போல வளைந்தது. கோபப்பட்டது அக்காதான்.

"கொஞ்ச நாள் என் கண்ணு முன்னாடி நிக்காம மேல போய் இருங்க!"

மாமா போனார். மேல் மாடியில் அவருடைய நண்பர் வெளியூர் போயிருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாமாவிடம் சாவி இருந்தது. அங்கேயே தங்கிவிட்டார்.

இந்தக் கதாபாத்திரத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். எனக்கும் சந்தேகம்தான். யாராவது கோபத்தில் சொன்னதை இப்படி அப்படியே செய்வார்களா? எனவே அவருக்கு ஒரு ரகசியம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு காதலியை உருவாக்கிக் கடைக்கு அனுப்பினேன். மாமா அவளுக்குக் கண் பரிசோதித்தார், மாலையில் கணினி பார்க்க வேண்டாம் என்றார், அனுப்பிவிட்டார். அதன்பின் அவள் இந்தக் கதைக்குத் திரும்பவே இல்லை.

விஷயம் இதுதான்: நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டு, சொல்லும் பதிலை அப்படியே நம்பிக் கண்ணாடி கொடுப்பவர் அவர். எதிரே இருப்பவர் ஒன்றைச் சொல்லி வேறொன்றை நினைப்பார் என்று சந்தேகப்பட்டால் அவரால் தொழில் செய்ய முடியாது. மேலே போகச் சொன்னாள், போனார். கீழே வரச் சொன்னால் வருவார். யாரும் சொல்லவில்லை.

"வரச் சொல்லி ஒரு ஸ்டாம்ப் செய்யக் கொடுத்துடேன்" என்றேன் அக்காவிடம்.

"கொடுத்தா? அது டப்பாவிலேயே கிடக்கும். அப்புறம் ஒவ்வொரு சண்டைக்கும் அதையே எடுத்துக் குத்தணும். தேய்ஞ்சு போயிடும்டி."

"வாயைத் திறந்து சொல்லேன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டேன் போலிருந்தது.

[ஓரத்தில்: நன்றி. எந்த வரிக்கு என்று தெரியவில்லை. ஓரத்தின் நடுவில் குத்தியிருக்கிறாள்.]

4

சாகடித்ததற்குப் பதிலாக, அக்கா கேட்டபடி, அடுத்த வரைவில் மாமாவுக்குக் காய்ச்சல் கொடுத்தேன். "மேல் மாடியில் அவர் நெற்றி கொதித்தது" என்று ஒரு வரி. படித்ததும் அக்கா உட்கார்ந்து மெஷினைச் சுற்றினாள். சாமந்தி, இரண்டு பறவைகள், உள்ளே "விரைவில் குணமடையுங்கள்". கொண்டுபோகும் வேலை எனக்கு. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் என் கால்களைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள்.

மாமா அட்டையைப் பார்த்தார். நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு உடம்பு சரியில்லையா?"

"கதையில மாமா."

"அவளே சொல்றான்னா ஏதாவது இருக்கும்."

கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் கழுத்துவரை போர்வை, வாயில் தெர்மாமீட்டர்.

"எழுத்தாளரே, காய்ச்சல் இன்னும் வரலை. முயற்சி பண்றேன்னு அவகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அன்று முழுக்க அக்கா மெஷினைச் சுற்றும் சத்தம் ஒரு பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல இருந்தது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். [முடித்தேன். "அவர் குணமடைந்து இறங்கி வந்தார்" என்று எழுதினேன். மேலே எட்டிப் பார்த்தேன். அவர் இறங்கவில்லை. காய்ச்சலே வராதவர் எப்படிக் குணமடைவார்?]

5

பிறகு மேலிருந்து பெட்டியைக் கேட்டு ஆள் வந்தது. ஆள் என்றால் நான்தான்.

"மாமா பெரிய பெட்டியைக் கேக்கறார். அவர் சிநேகிதர் இந்த வாரம் திரும்பி வர்றாராம். கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்காம், அங்க போயிடப் போறாராம்."

அக்கா பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். தூசியைத் தட்டினாள். அப்புறம் மேசைக்குப் போய் தங்க நிறத்தில், எழுத்து புடைத்து நிற்கும்படி சூடு காட்டி, ஒரு அட்டை செய்தாள். "புது வீட்டுக்கு வாழ்த்துகள்."

"அக்கா, வேண்டாம். அவருக்கு கிண்டல் புரியாது."

"புரியட்டும். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவருக்கு இதுகூடப் புரியலைன்னா போகட்டும்."

புரியவில்லை. மாமா அட்டையை நெடுநேரம் பார்த்தார். "நல்லா பண்ணியிருக்கா" என்றார். பெட்டியைத் திறந்து சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். "போகச் சொல்றாளே, அப்புறம் என்ன?"

கீழே வந்து சொன்னபோது அக்கா இன்னும் பசை டப்பாவின் மூடியைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்தாள். திறந்தாள். மறுபடி போட்டாள்.

6

வார்த்தை இல்லாமல் ஒரு அட்டை செய்ய முடிவெடுத்தாள். முன்பக்கத்தில் ஒரு கதவு. அதை டை வைத்து வெட்டி எடுத்து, ஒரு ஓரத்தில் பட்டையால் ஒட்டிவிட்டால் திறந்து மூடலாம். கதவைத் திறந்தால் உள்பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. படம் மட்டும். மேசையையும் நாற்காலிகளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினாள். மாமாவைப் போன்ற ஒருவருக்குக்கூட அது புரியும்.

இப்போது அட்டை செய்கிறவர்கள் யாரும் செய்யாத, செய்தால் வெளியில் சொல்லாத ஒன்று நடந்தது. முன்பக்கத்தை மட்டும் வெட்ட வேண்டுமென்றால் அட்டையை விரித்து, ஒற்றைத் தாளாகத்தான் மெஷினுக்குள் விட வேண்டும். அக்கா மடித்தபடியே விட்டுவிட்டாள்.

நெரியும் சத்தம் வழக்கத்தைவிடக் கனமாகக் கேட்டது. அட்டை வெளியே வந்தது. இரண்டு கதவுகள் விழுந்தன. ஒன்று வெறும் கதவு. இன்னொன்றில் மேசையும் நாற்காலிகளும். அட்டையில் முன்னும் பின்னுமாக ஒரே ஓட்டை.

எத்தனையோ நாளாகப் பார்க்கிறேன், ஒரு துளி மை வழிந்தாலே அட்டையைக் கிழிப்பவள் அவள். அன்று கிழிக்கவில்லை. ஓட்டை வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"அவ்வளவுதான். இனி செய்யத் தெம்பில்லை. குப்பையில போட்டுடு" என்று அட்டையை என்னிடம் நீட்டினாள். இரண்டு கதவுகளையும் மட்டும் கைக்குள் மூடிக்கொண்டாள்.

குப்பைத்தொட்டி படிக்கட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினேன். இந்தக் கதையில் ஆசிரியராக நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் எழுத்து.

7

பெட்டி மூடியிருந்தது. மாமா அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அட்டையை வாங்கித் திறந்தார், மூடினார், திருப்பினார்.

"இதுல என்ன சொல்லியிருக்கா?"

"எதுவும் சொல்லலை மாமா. சொல்ல வந்தது வெட்டுப்பட்டுப் போச்சு."

ஒரு கண்ணை மூடி, ஓட்டையை மற்றக் கண்ணில் வைத்து அறையைச் சுற்றிப் பார்த்தார். பெட்டி, செடி, நான். பிறகு அட்டையை என் கண்ணுக்கு எதிரே பிடித்தார். கைகள் கடையில் இருப்பதுபோலவே நிதானமாக இருந்தன.

"பாருங்க எழுத்தாளரே. அட்டையோட தெளிவா இருக்கா, அட்டை இல்லாமலா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா."

"ஒண்ணுதான்னு சொல்லக்கூடாது. ஏதாவது ஒண்ணைச் சொல்லணும்."

கதவு வடிவத்துக்குள் அவர் முகம் மட்டும் தெரிந்தது. மேலே வந்து இத்தனை நாளாகியும், தினமும் குளித்தும், புருவத்தில் மினுக்குத்தூள் அப்படியே இருந்தது.

"அட்டையோட" என்றேன்.

அவர் ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினார். முன்தாள், பின்தாள். இரண்டு வெட்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன. தடவிக்கொண்டே வந்த விரல் சட்டென்று நின்றது.

"மடிச்சேவா உள்ள விட்டா?"

"ஆமா."

"அவளா?"

"ஆமா மாமா."

அவளுடைய ஸ்டாம்புகள் சொன்ன எதையும் சரியாகப் புரிந்துகொள்ளாத மனிதர், அந்தத் தப்பை வெகுநேரம் வாசித்தார்.

8

முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன. அக்கா லிஃப்டில் மேலே போக, மாமா படியில் கீழே வர, ஆளுக்கொரு காலி வீட்டில் உட்கார்ந்து மற்றவருக்காகக் காத்திருக்கலாம். அல்லது நண்பர் ஊரிலிருந்து வந்து, செடி வாடியிருப்பதைப் பார்த்து எல்லோரையும் திட்டலாம். அல்லது பனி பெய்யலாம். இந்த ஒரு தடவை மட்டும், ஏசிக்குப் பின்னால், கொஞ்சமாக.

எதையும் எழுதப்போவதில்லை. நான் எழுதி இறக்கியபோது அவர் இறங்கவில்லை என்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்தீர்கள்.

இந்தக் கடைசிப் பக்கத்தை அக்கா இன்னும் படிக்கவில்லை. மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு வரப்போகிறேன். ஓரத்தை வழக்கத்தைவிட அகலமாக விட்டிருக்கிறேன். அவளிடம் இதற்குப் பொருத்தமான ஸ்டாம்ப் இல்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் எனக்கு முன்னால் அந்தப் பக்கம் போனால், அவள் கைக்குள் இரண்டு கதவுகள் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மாமா சொல்லி அனுப்பியதை மட்டும் மாற்றாமல் எழுதிவிடுகிறேன். பெட்டியைவிட்டு எழுந்திருக்காமல், அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொன்னது:

"வெட்டி விழுந்த கதவு ரெண்டும் அவகிட்டதானே இருக்கு? அதை உங்ககிட்ட கொடுத்து அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க. எடுத்துக்கிட்டு அவளையே ஒரு தடவை மேல வரச் சொல்றீங்களா?"