பலகைச் சுவரில் ஓர் ஆணி

பத்தாங் பெர்ஜுந்தாயில், இனாயத்துல்லா பாயின் சாப்பாட்டுக் கடையில், ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் கலைந்த பிறகு இரண்டு மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டுப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணிச் சட்டி வைக்கும் இடத்தில் ஒரு கேசட் ரெக்கார்டர் இருந்தது. எட்டு மாதம் உழைத்து முடித்த ஆறு பாட்டுகள் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில் பாலன் அந்தக் கேசட்டை ரவாங்கில் பிரதி எடுக்கும் கடையில் கொடுத்துவிடுவான். முந்நூறு பிரதிகள். அதற்குப் பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது.

உமாபதிக்குத் தலைகால் புரியவில்லை. தமிழில் ராக் பாட்டா என்று செம்பனைத் தோட்டமே சிரித்தது. கேசட் கம்பெனிக்காரர்களிடம் போய்க் கைகட்டி நிற்க அவனுக்கு மனமில்லை. ஸ்டூடியோவுக்கும் வழியில்லை. அதனால் இரண்டு ரெக்கார்டர்களை வைத்துக்கொண்டு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். முதலில் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்த வீட்டில் தன் கித்தாரை மட்டும் பதிவு செய்தான். அதை ஹெட்போனில் கேட்டபடியே பாலன் டிரம்ஸ் அடித்தான். இரண்டும் கலந்து இன்னொரு கேசட்டில் ஏறின. அந்தக் கேசட் பாயின் ஆர்மோனியத்துக்குப் போனது. அங்கிருந்து வீரனின் உறுமிக்கு, தஞ்சோங் காராங்கில் வயல் வேலை முடிந்து பேஸ் கித்தார் வாசிக்கும் மலாய்க்காரருக்கு, இன்னும் யார் யாருக்கோ போய், கடைசியில் நவமணியின் குரலோடு வந்து நின்றது. வீடு கட்டுவதுபோல ஒன்றின்மேல் ஒன்று. அடியில் இருப்பதை மட்டும் உருவ முடியாது.

மூன்றாவது பாட்டு வந்ததும் பேச்சு நின்றது. எல்லோருக்கும் பிடித்த பாட்டு. மூன்று அடி, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று அடி. போகப் போகத் தாளம் தளரும். பதினோரு பேரின் விரல்களும் மேசையைத் தட்டின. உமாபதியும் தட்டினான்.

"இந்தத் தாளத்த எங்கேர்ந்து புடிச்சே பாலன்? வயித்துக்குள்ள போயித் தட்டுது" என்றார் பாய்.

"நான் எங்க புடிச்சேன் பாய். பதி தட்டுனதுதான். மொத கேசட்லயே இருந்திச்சி. நான் அதும்மேல ஏறிக்கிட்டேன், அவ்வளவுதான்."

உமாபதி சிரித்தான். "நான் எங்கடா தட்டுனேன்? சம்மணம் போட்டு உக்காந்துல்ல வாசிச்சேன்."

"வெளையாடாத லா. ஹெட்போன்ல தெளிவா கேக்குது. பலகையில தட்டற மாதிரி. பாதிக்கு மேல மெதுவாச்சி. அப்புறம் நிறுத்திட்டே. மிச்சத்த நான்தான் கடைசி வரைக்கும் கொண்டு போனேன்."

பலகை என்ற சொல் காதில் விழுந்ததும் உமாபதியின் விரல் மேசைமேல் அப்படியே நின்றது. மற்றவர்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்துங்கள் என்று சொல்ல நினைத்தான்.

"என்ன பதி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?" என்று கேட்டாள் நவமணி.

"ஒண்ணுமில்ல. வீட்டுல மொத கேசட் இருக்கு. ஒரு தடவ கேட்டுப் பாத்துடறேன்." ரெக்கார்டரை நிறுத்தி, முடித்த கேசட்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்" என்றான் பாலன்.

மோட்டார் சைக்கிளில் செம்பனை மரங்களுக்கு நடுவே போகும்போது அவனுக்கு அப்பாவைத் தவிர வேறு நினைப்பில்லை. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சின்னையா, தோட்டத்து ஆபீஸில் பலர் காலில் விழுந்து மகனுக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை வாங்கிக் கொடுத்தவர். கித்தார் பழகவேண்டும் என்று மகன் அதை உதறிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போன நாளிலிருந்து அவனோடு பேசவில்லை. அம்மா இல்லாத வீட்டில் இரண்டு வருடம் அப்படியே ஓடியது. கித்தார் கேட்டால் அடுத்த அறையிலிருந்து கைத்தடியால் பலகைச் சுவரைத் தட்டுவார். அவர் தட்டினால் இவன் சத்தத்தைக் கூட்டுவான். அவர்களுக்குள் நடந்த பேச்சு அது ஒன்றுதான்.

முதல் கேசட் பதிவு செய்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மைக்குக்கு ஸ்டாண்ட் இல்லாததால் அந்தப் பலகைச் சுவரிலேயே ஓர் ஆணி அடித்து அதில் தொங்கவிட்டான். ஆறு பாட்டையும் வாசித்து முடித்துவிட்டு, சோறு எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடியிருப்பேனே என்று வந்தவர்களிடமெல்லாம் அழுதான். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தான்.

முதல் கேசட்டை ரெக்கார்டரில் போட்டு மூன்றாவது பாட்டுக்கு ஓட்டினான். கித்தார் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், அதற்கு அடியில், டொக் டொக் டொக்.

உடனே கித்தார் சத்தம் கூடியது.

நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். மூன்று தட்டு. சத்தம் கூடியது. அது தானாகக் கூடாது. அவன் கைதான் கித்தார் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகியிருக்கிறது. அப்படியானால் அவன் காதிலும் விழுந்திருக்கிறது. கேட்டிருக்கிறான், திருகியிருக்கிறான், அதோடு மறந்தும் போயிருக்கிறான். ஐயோ அப்பா என்று வாய்விட்டுச் சொன்னான்.

தட்டல் மெதுவானது. மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி நின்றது. கித்தார் நிற்கவில்லை. கல்யாண வீட்டுக்காரன்போல உற்சாகமாகப் போய்க்கொண்டே இருந்தது. சட்டைப்பையிலிருந்த கேசட்டைத் தொட்டுப் பார்த்தான். மற்ற பத்துப் பேரின் எட்டு மாதம் அதில் இருந்தது. எல்லாம் இந்தத் தட்டல்மேல் நின்றது.

அப்போது கேட்டது. டொக் டொக் டொக்.

உமாபதி துள்ளி எழுந்தான். தரையில் விரித்திருந்த கோரைப்பாய் காலைத் தடுக்கியது, ரெக்கார்டரில் இடித்துக்கொண்டான். "இந்தா வந்துட்டேம்பா, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே ஓடி, உள்ளறைக் கதவை இழுத்துத் திறந்தான்.

"பதி, கேசட்டக் குடு லா, அஞ்சாச்சி" என்று முன்கதவுக்கு வெளியே பாலனின் குரல் கேட்டது.

கட்டிலில் விரிப்பு இல்லை. கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. அப்பா படுத்திருந்த இந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது, பலகையைத் தாண்டி வரும் கித்தார் சத்தம் மிகப் பெரிதாக இருந்தது.