கல்மேட்டுக்காரியின் பெயர்

எங்கள் பள்ளத்தாக்கில், ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒருத்தியை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை. அவள் பெயர் யோரூன். என் பெயரும் அதுதான். மேற்குக் கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் அம்மாவுக்கு விவரம் தெரியாது. நல்ல பெயராக இருக்கிறதே என்று வைத்துவிட்டாள்.

எங்கள் ஊர் ‘சாகா’வில், அதாவது பழைய வம்சக் கதை ஏட்டில், வரும் கதை இது. பள்ளத்தாக்கின் மேல்கோடியில், பக்கி பண்ணையில் யோரூன். கீழே கடலோரம், ஹோல்ட் பண்ணையில் அவள் அண்ணன் ஓட்டார். அண்ணனை வெட்ட அவள் புருஷனின் ஆட்கள் கிளம்பிவிட்ட சேதி, ‘நோன்மலைக்கு மேல் சூரியன் நின்றபோது’ அவள் காதுக்கு வருகிறது. குதிரையேறுகிறாள். சூரியன் மாலைக் கணவாய்க்குள் இறங்கும் நேரத்தில் ஓட்டாரைக் கொன்றுவிடுகிறார்கள். அவள் வந்து பார்க்கும்போது வாசலில் பிணம்தான் கிடக்கிறது.

நோன் என்பது பிற்பகல் மூன்று மணிக்கான பழைய பெயர். அப்போது கிளம்பினால் நொண்டிக் குதிரைகூடப் பொழுதோடு ஹோல்ட்டுக்குப் போய்விடும். ஆகவே புருஷன் பக்கம் சாய்ந்து வேண்டுமென்றே தாமதித்தாள் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவளைப் புதைத்த கல்மேட்டைத் தாண்டுகிறவர்கள், அவள் எழுந்து நடமாடாதிருக்க ஒரு கல்லை எறிந்துவிட்டுத்தான் போவார்கள். பள்ளிக்கூடத்தில் என் பைக்குள்ளும் கல் விழும். போடுகிறவன் பிராந்துர். அன்றிலிருந்து அவனுக்கு நான் ‘கல்மேடு’தான். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அந்தப் பிராந்துர் இப்போது ஹோல்ட் பண்ணைக்குச் சொந்தக்காரன். என் அண்ணன் மகள் தீசாவின் மாமனாரும் அவன்தான். தாயில்லாத தீசாவை வளர்த்தவள் நான். அவளுக்குப் பெண் பிறந்ததும் என் பெயரைத்தான் வைக்கப்போகிறாள் என்று அவன் மோப்பம் பிடித்துவிட்டான். ஞானஸ்நானத்தன்று தேவாலயத்தில் சொல்லும்வரை பெயரை வெளியே விடமாட்டோம். ஆனால் அவன் மூக்கு அப்படி.

“ஓட்டார் செத்த வாசல்லயே அவ பேரைச் சொல்லிக் கூப்பிடணுமா? அப்படி வெச்சா நான் கோயில் படி ஏறமாட்டேன்!” என்று குதித்தான்.

“விடுங்க அத்தை, வேற பேரு வெச்சுக்கறேன்” என்று தீசா அழுதாள்.

“அழாதே. அந்தப் பேருக்கு ஒரு குத்தமும் இல்லைன்னு அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. சாகாக்களைக் கல்லூரியில் பாடம் நடத்திப் பிழைக்கிறவள் நான். அந்த ஒரு பக்கத்தை எத்தனை தடவை படித்தும் அவளைக் காப்பாற்ற ஒரு வரி கிடைக்கவில்லை.

ஆத்திரத்தோடு காரை எடுத்துக்கொண்டு பக்கிக்குப் போனேன். அங்கே யாரும் குடியிருந்து பல தலைமுறையாகிறது. புல் மூடிய சுவர்த்தடம்தான் மிச்சம். அதன்மேல் உட்கார்ந்திருக்கும்போது தீசா போன் செய்தாள்.

“எங்க போய்ட்டீங்க அத்தை? மாமா காபிக்கு வந்தாச்சு. நோன்மலை மேல சூரியன் வந்தா அவருக்குக் காபி வேணுமே.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். சூரியன் நோன்மலைக்கு மேலே இல்லை. அந்த உச்சிக்குக் கிழக்கே, எங்கேயோ தள்ளி நின்றது. மலைக்கு அந்தப் பெயரை வைத்தது ஹோல்ட்காரர்கள். அவர்கள் வாசலிலிருந்து பார்த்தால்தான் அது மூன்று மணி மலை. தெற்கே தள்ளியிருக்கும் பக்கியிலிருந்து பார்த்தால் சூரியன் அந்த உச்சிக்கு வர வெகுநேரம் பிடிக்கிறது. சேதி வந்தது பக்கியில். அவள் பார்த்தது பக்கியின் வானத்தை. அவள் கிளம்பியபோது மூன்று மணி எப்போதோ தாண்டியிருக்கும். நாங்கள்தான், படித்தவர்கள் படிக்காதவர்கள் எல்லோரும், ஹோல்ட் வாசலில் நின்றுகொண்டே அவளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம்.

ஹோல்ட்டுக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னேன். பிராந்துர் அசரவில்லை. “நல்ல குதிரையா இருந்தா அப்பவும் வந்திருக்கலாம், கல்மேடு.”

“அப்ப நீயே வந்து காட்டு. உன் குதிரை, உன் இஷ்டப்பட்ட வழி. பக்கியில சூரியன் மலைக்கு மேல நிக்கறப்போ கிளம்பு. கணவாய்க்குள்ள இறங்கறதுக்குள்ள உன் வாசலைத் தொட்டுட்டா நீ சொல்ற பேரு.”

“தொடலைன்னா?”

“கோயில்ல குழந்தையை நீதான் தூக்கிக்கணும். பேரையும் நீதான் சொல்லணும்.”

விழுந்து விழுந்து சிரித்தான். பள்ளத்தாக்கில் அவனைக் குதிரையில் முந்தியவன் கிடையாது.

மூடுபனி எங்களைக் காக்க வைத்தது. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள்தான் வானம் தெளிந்தது. பக்கியில் சூரியன் உச்சியைத் தொட்டதும் கையை இறக்கினேன். பறந்தான். நான் காரில் ஹோல்ட்டுக்கு வந்து, குழந்தையோடு நின்றிருந்த தீசாவின் பக்கத்தில் நின்றேன். சூரியன் சரிந்துகொண்டே போயிற்று. பாதையில் ஒரு புள்ளிகூட இல்லை. கணவாய்க்குள் சூரியன் இறங்கியது. வாசலில் நிழல் விழுந்தது.

அதற்குப் பிறகும் நெடுநேரம் கழித்துத்தான் வந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான், குதிரை வாயில் நுரை. இறங்கியவன் என்னைப் பார்க்கவில்லை. வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுத்திப் போக நேரமில்லைன்னு ஆத்துலயே குதிரையை இறக்கினேன்” என்றான். “இவளை நான் அடிச்சதே இல்ல. இன்னைக்கு அடிச்சேன். அப்பவும் முடியல.” குனிந்து வாசற்படியைத் தொட்டான். “அண்ணா அண்ணான்னு கத்திக்கிட்டேதான வந்திருப்பா... பாவி மக. யாருக்கும் கேட்டிருக்காது.”

அவன் மூக்கை உடைக்க எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு அழுதேன். அவனும் அழுதான்.

மறுநாள் தேவாலயம் நிரம்பி வழிந்தது. கல்மேட்டில் கல் எறிந்த கைகள்தான் எல்லாம். பிராந்துர் பேத்தியை ஏந்தி நின்றான்.

“குழந்தையின் பெயர் என்ன?” என்று போதகர் கேட்டார்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னான்.

“யோரூன்.”

என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.