மனோங் எந்தக் கட்டத்தில்?

கப்பல் கட்டும் தளத்தில் பதினோரு வருடமாக வெயிலில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கடற்படைக் கப்பலின் ரேடார் அறைக்குள் போய் வேலை செய்ய வேண்டுமானால் அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். என்னைவிட வேலை தெரியாதவர்களெல்லாம் உள்ளே இருக்கிறார்களே என்று எனக்கு ஒரே எரிச்சல். கடைசியில் ஃபோர்மேன் என் பெயரைச் சிபாரிசு செய்தார்.

படிவம் நூறு பக்கத்துக்கு மேல். நான் பிறந்தது பிலிப்பைன்ஸில், இலோயிலோவில். பதினாறு வயதில் அம்மாவோடு அமெரிக்காவுக்கு, நார்ஃபோக் வந்து, பிறகு இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஊரில் என் பெயரில் ஒரு துண்டு நிலம் வாங்கியே தீருவேன் என்று அம்மா அடம்பிடித்ததால், அதற்கு வசதியாகப் பிலிப்பைன்ஸ் தூதரகத்தில் கையைத் தூக்கிச் சத்தியம் செய்து பழைய குடியுரிமையையும் திரும்ப வாங்கியிருந்தேன். எல்லாவற்றையும் எழுதினேன். 'சகோதரர்' என்ற கட்டத்தில் டோமிங்கை எழுதினேன். அவன் அங்கே போலீஸ் சார்ஜென்ட். ஃபோனில் சொன்னபோது பதறிப்போனான். வெளிநாட்டுப் போலீஸ்காரன் பெயர் இருந்தால் உனக்கு வேலை கிடைக்காது, எடுத்துவிடு என்றான். நான் எடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து பிராட்டிஸ் என்ற விசாரணை அதிகாரி தளத்துக்கே வந்தார். வருகிற மனுஷனைப் பார்க்க வெறுங்கையோடவா போவாய் என்று அம்மா ஒரு டப்பா நூடுல்ஸ் கட்டிக் கொடுத்திருந்தாள். லஞ்சம் என்று எழுதிவிடப்போகிறார் என்று பயந்து அதைக் காரிலேயே விட்டுவிட்டேன்.

உட்கார்ந்ததும் ஒரு காகிதத்தைத் தட்டினார். "உங்க அம்மாவுக்கு ஒரே குழந்தைன்னு இதுல இருக்கு. அப்போ டோமிங் யாரு?"

டோமிங் என் பெரியம்மா மகன். பெரியம்மா ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனதால் எங்கள் வீட்டில் வளர்ந்தவன். நான் அவனை மனோங் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பேச்சில் அண்ணன் என்று அர்த்தம். பெற்றவள் வேறு என்பது எழுதும்போது ஞாபகத்துக்கே வரவில்லை. அதை அப்படியே சொன்னேன். அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதினால் ஜெயில் என்பதும் தெரியும்.

"அப்போ கசின்" என்றார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "எப்பவோ ஒருதடவை பேசுற கசின்னா எழுதவே வேண்டியதில்ல. எப்படி, அடிக்கடி பேசுவீங்களா?"

தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார். எப்பவாவது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போலீஸ்காரன் படிவத்திலிருந்தே காணாமல் போய்விடுவான். ரேடார் அறை கண்ணுக்குத் தெரிந்தது.

"வாராவாரம் பேசுவோம் சார். அவன் பொண்ணுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ ஞானத்தாயே நான்தான்."

எழுதிக்கொண்டார். அவனுடைய மேலதிகாரி, தங்கையிடம் கப்பல் விஷயத்தைக் கேட்டு வா என்று அவனை நெருக்கினால் என்ன செய்வேன் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூஞ்சில அடிச்சாப்ல முடியாதும்பேன். அடுத்த ஃபோன் உங்களுக்குத்தான். அந்த ஊர் குடியுரிமை வேணாம்னு சொல்லுங்க, இப்பவே திருப்பிக் குடுத்துடறேன். அண்ணனைத் திருப்பிக் குடுக்க முடியாது."

பிராட்டிஸ் டோமிங்கைச் சகோதரர் கட்டத்திலிருந்து அடித்து, 'நெருங்கிய வெளிநாட்டுத் தொடர்பு' என்ற கட்டத்துக்கு மாற்றினார். உறவு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"மனோங். எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆயிற்று. இனி வராது என்று நான் கைகழுவியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அனுமதி வந்துவிட்டது என்று ஃபோர்மேன் சொன்னார். வேலை விட்டதும் டோமிங்கைக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"நல்லவேளை, என் பேரை எடுத்துட்ட" என்றான்.

இல்லை என்று சொல்லி, பிராட்டிஸ் எழுதியதைச் சொன்னேன்.

"அப்போ நான் உனக்கு அண்ணன்னு அமெரிக்க அரசாங்கத்துக்கே தெரியும்" என்றான். போலீஸ்காரன் அழுது அன்றைக்குத்தான் கேட்டேன்.