பதினோரு முழ வாசல்

வீட்டு வாசலில் நுழையாத நாற்காலி கோட்டை வாசலில் நுழையும் என்று ஜகபர் அலி சொன்னபோது ஊரே சிரித்தது. அவர் மகள் அசீசுன்னிசா மட்டும் நம்பினாள்.

"பதினோரு முழம் இருக்குதும்மா. நானே கை போட்டு அளந்துட்டு வந்தேன். யானை போன வாசல். நம்ம நாற்காலி எம்மாத்திரம்?"

திண்டிவனம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார் அவர். கை வைத்த மர நாற்காலிக்கு இரண்டு பக்கமும் சைக்கிள் சக்கரம், முன்னால் நடுவில் ஒரு சின்னச் சக்கரம். மகள் தன் கையாலேயே உருட்டிக்கொள்ள வேண்டும், எங்கேயும் சாய்ந்துவிடக் கூடாது என்று சக்கரங்களை அகலமாகத் தள்ளி வைத்துவிட்டார். அதனால் அது வீட்டுக்குள் வராது; கடை ஓரத்தில் சாக்குப் போர்த்திக் கிடக்கும். இளம்பிள்ளை வாதம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அசீசுன்னிசா பார்த்த உலகமெல்லாம் யாராவது ஒருவர் இடுப்பிலிருந்தோ தோளிலிருந்தோ பார்த்ததுதான்.

அவளுக்குக் கோட்டையில் வேண்டியது மலை உச்சி இல்லை. கீழே இருக்கிற நெற்களஞ்சியம். பக்கத்து வீட்டு வசந்தா சொல்லியிருந்தாள்:

"உள்ள போயி உன் பேரக் கூப்பிடணும்டி. செவுரு திருப்பிக் கூப்பிடும். எங்க வகுப்புல எல்லார் பேரும் அங்க இருக்குது."

"என் பேரு?"

"நீதான் வரலியே."

அன்றிரவிலிருந்து அசீசுன்னிசாவுக்கு அந்தச் சுவரின் நினைவுதான். அத்தனை பிள்ளைகளின் பெயரும் சுண்ணாம்புக்குள் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அத்தா தோளில் உட்கார்ந்து கூப்பிட்டால் சுவர் அத்தாவின் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். அவளாகப் போக வேண்டும்.

சீனச் சண்டை ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத காணும் பொங்கல் அது. தளவானூர், தொண்டூர், பனமலை என்று எல்லாத் திக்கிலிருந்தும் மாட்டு வண்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கரும்பும் புளிசோற்று மூட்டையுமாக ஜனம். ஜகபர் அலி பின்னால் நடக்க, அசீசுன்னிசா சக்கரத்தை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

பதினோரு முழ வாசலை அடைத்துச் சவுக்குக் கழி கட்டியிருந்தது. கூட்டம் வரிசையாகப் போக வேண்டும் என்று ஒற்றை ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். ஜகபர் அலி அளந்தது ஆளில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. திருநாளன்று வாசல் சுருங்கிப்போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

காவலுக்கு நின்ற வாட்ச்மேன் பாவாடை நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா பாய் இது?"

"நாற்காலிண்ணே. கொழந்தைக்கு."

"சக்கரம் இருந்தா வண்டி. வண்டிய உள்ள உடறதுக்கு ஆர்டரு இல்ல. புள்ளையத் தூக்கிக்கினு போ, யாரு வேணாங்கறா?"

ஜகபர் அலி குனிந்தார். அசீசுன்னிசா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்காதீங்க அத்தா."

"கொஞ்ச தூரம்தாம்மா."

"நான் இங்கியே இருக்கறேன்."

வரிசையில் நின்ற வசந்தா கழிக்கு நடுவில் தலையை நீட்டி, "நான் போயி உன் பேரக் கூப்பிடறேன்டி" என்றாள். போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள்.

"கூப்பிட்டேன். வந்துச்சு. ஆனா என் கொரல்ல வந்துச்சு."

அசீசுன்னிசா நாற்காலியை ஓரமாக உருட்டிக்கொண்டு போனாள். மதில் நிழலில் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். தை மாதத்து வெயில் மெத்தென்று இருந்தது. கோட்டைக்குள் நிற்கும் ராஜகிரி மலையின் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்து மூச்சு விட்டன. கூட்டத்தின் சத்தம் தூரத்து ஏரி மதகுத் தண்ணீர்போல ஓடியது. அதற்குள்ளிருந்து மணி கட்டிய யானை ஒன்று நடந்து வந்து கழிக்கு முன்னால் நின்றது.

"ஆர்டரு இருக்குதா?" என்றார் பாவாடை.

"இந்த வாசலே எனக்காவக் கட்டினதுதான்" என்றது யானை.

"அது அந்தக் காலம். கழிக்குள்ள நொழைஞ்சாப் போ."

யானை பெருமூச்சு விட்டுவிட்டு அசீசுன்னிசாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "நீ எப்பலேர்ந்து உக்காந்திருக்கே?" என்று கேட்டது.

"காலைலேர்ந்து."

"நான் முந்நூறு வருஷமா."

மணிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தாள். ஒற்றை மாடு பூட்டிய தண்ணீர் வண்டி வந்துகொண்டிருந்தது, பீப்பாய் ததும்ப. பாவாடை மளமளவென்று கயிற்றை அவிழ்த்துக் கழிகளை ஓரமாகப் போட்டார். வண்டி உள்ளே போனது. அதன் பின்னால், தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துக்கொள்ளும் ரத்தினம்மாள் இடுப்பில் நிறைகுடத்தோடு வந்தாள்.

"மாமா, வண்டிக்கு ஆர்டரு இல்லன்னீங்களே" என்றாள் அசீசுன்னிசா.

"அது தண்ணி வண்டி பாப்பா. தண்ணி வண்டிக்கு இருக்குது."

அசீசுன்னிசா கொஞ்சம் யோசித்தாள்.

"அக்கா, அந்தக் குடத்த என் மடியில வையுங்க."

ரத்தினம்மாள் குழந்தையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள். குடத்தை இறக்கி அவள் மடியில் வைத்துச் சொம்பையும் மேலே கவிழ்த்தாள்.

"நானும் தண்ணி வண்டி மாமா."

"இந்தத் தண்ணி எங்க போவுதாம்?"

"களஞ்சியத்துக்கு."

"அங்க யாரு கேட்டது?"

"ஏன்யா, காலைலேர்ந்து அங்க நின்னுக்கினு ஜனம் கத்திக்கினே இருக்குது, உன் காதுல உழல?" என்றாள் ரத்தினம்மாள். "தொண்ட வறண்டு பூடாது?"

பாவாடை மீசையைத் தடவினார். சிரிப்பை அங்கேயே துடைத்துப் போட்டவர் மாதிரி, "சிந்தாமப் போ" என்றார்.

வண்டித் தடத்தின் நடுவில் அவள் உருட்டினாள். வேகமாக உருட்டினால் தண்ணீர் தளும்பும். மெதுவாக உருட்டினால் சக்கரம் மணலில் புதையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருந்தது. கை அதைக் கண்டுபிடித்துக்கொண்டது. எதிரே வந்தவர்கள் விலகி நின்றார்கள். முதல்முறையாக மனிதர்களின் முகத்தைக் கீழிருந்து பார்த்தாள்; எல்லோரும் உயரமாக இருந்தார்கள்.

களஞ்சியத்து வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்படி.

ஜகபர் அலி படியைப் பார்த்தார். மகள் கை மறுபடி நாற்காலியை இறுக்கியதையும் பார்த்தார். "இரும்மா" என்று திரும்பி ஓடினார். வரும்போது தோளில் சவுக்குக் கழிகள், கழுத்தில் கயிறு. பின்னாலேயே பாவாடை.

"பாய், அது கவுருமெண்டு கழி."

"கவுருமெண்டு எடத்துலதானண்ணே இருக்குது இன்னும். வெளிய எங்க போவுது?"

கழிகளை நெருக்கி அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். படியில் சாய்த்துப் போட்டார். அது அசைந்தது. கவர்மெண்டு கழிக்குச் சேதம் வந்துவிடுமோ என்று பாவாடைதான் ஒரு முனையை மிதித்துக்கொண்டு நின்றார். சக்கரம் ஏறியது.

உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். "தண்ணி, தண்ணி" என்று ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவள் மொண்டு மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு அவர்கள் நகர, குடம் மடியில் லேசாகிக்கொண்டே வந்தது.

"தண்ணி தீந்துபோச்சு. வண்டி வெளிய வரணுமே" என்றார் வாசலிலிருந்து பாவாடை.

"இருங்க மாமா. ஒரே ஒரு தடவ."

அவள் மூச்சை இழுத்தாள். வீட்டில் யாரும் கூப்பிடாத முழுப் பெயரை, பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் மட்டும் இருக்கிற பெயரைக் கூப்பிட்டாள்.

"அசீசுன்னிசா."

ஒன்றும் வரவில்லை. பிறகு மேலே எங்கேயோ வளைவுக்குள் புரண்டு படுத்து, தூக்கம் கலைந்த குரலில் வந்தது. "...ன்னிசா... நிசா... சா..."

பின்னாலேயே வந்திருந்த வசந்தா அவள் தோளைத் தொட்டாள். "பாதிதான்டி வந்துச்சு."

"மீதி உள்ள இருக்குது" என்றாள் அசீசுன்னிசா.

வாசலில் பாவாடை கழியின்மேல் நின்றபடியே இருந்தார். பெரிய வாசலில் கழியும் இல்லை, கயிறும் இல்லை. ஜனம் பதினோரு முழத்துக்கும் பரவி உள்ளே வந்துகொண்டிருந்தது.