வெட்டாத பிளாக்

1

இது ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மாடிப்படி கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் ஏறுகிறது. ஒரு சாயங்காலம் பால் பாக்கெட்டோடு ஏறும்போது உள்ளே அந்த வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"மெழுகு ஏன் உள்ள போகல? காரணம் சொல்லு."

"தெரியலங்க."

"தெரியலன்னா விட்டுடுவேனா? யோசிச்சுச் சொல்லு."

புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துப் படியிலேயே நின்றுவிட்டேன். (நல்லவர்கள் மேலே போயிருப்பார்கள். எழுதுகிறவர்கள் நிற்பார்கள்.)

சண்டையில்லை. பரீட்சைக்குப் படிப்பு.

2

முதல் வரியை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

'நாற்பத்தாறு வயதில் அவள் மீண்டும் மாணவியானபோது, வானம்' — வானத்துக்கு இங்கே வேலையில்லை. அடித்துவிட்டேன்.

'மனித உடலின் மெல்லிய துண்டுகளுக்கிடையே அவள் தன்னைத் தேடி' — அவள் தன்னைத் தேடவில்லை. தேடினால் மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள். அதுவும் நெற்றியில்தான் இருக்கும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஆபரேஷனில் எடுத்த சதைத்துணுக்கு அங்கே வரும். அதை ஆல்கஹாலில் போட்டு நீரை வெளியேற்றி, மெழுகை உள்ளே ஊறவைத்து, சின்னக் கட்டியாக்குவார்கள். அதுதான் பிளாக். அதை இயந்திரத்தில் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட்டால்தான் டாக்டர் நோயைப் பார்க்க முடியும். அவள் சீவினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, அறுபடாத நாடாவாக இறங்கும். அதனால் லேபில் அவளுக்கு 'ரிப்பன்' என்று பெயர். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

இருபத்திரண்டு வருஷமாகச் சீவும் ரிப்பனிடம் சான்றிதழ் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். வருஷ முடிவுக்குள் பரீட்சையில் தேறாதவர்கள் இயந்திரத்தைத் தொடக் கூடாது. முன்பக்கக் கவுன்ட்டரில் உட்கார்ந்து டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டலாம். ரிப்பன் ஒருமுறை எழுதித் தோற்றாயிற்று. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி.

3

தோற்றது ஏன் என்று கண்டுபிடித்தவர் புருஷன். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"துண்டு கிழியுது, காரணம் என்னன்னு கேட்டிருக்காங்க. நீ என்ன எழுதின?"

"பிளாக்க ஐஸ்ல வெப்பேன்னு எழுதினேன்."

"அது நீ பண்றது. காரணம் எங்க? எங்க ரிஜிஸ்டர்ல அதுக்குத் தனி கட்டமே இருக்கு. லிஃப்ட் நின்னுச்சு, சரி பண்ணிட்டேன்னு மட்டும் எழுதினா மேனேஜர் கையெழுத்தே போட மாட்டார்."

அன்றைக்கே சட்டைப் பெட்டிகளை வெட்டி அட்டைகள் செய்தார். ஒரு பக்கம் கோளாறு, மறுபக்கம் காரணம். மொத்தம் நூற்று நாற்பது அட்டை. ரிப்பன் காய் நறுக்க, அவர் எதிரில் உட்கார்ந்து கேட்பார். இத்தனை வருஷம் கைக்கு மட்டுமே தெரிந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கும் வந்தது. (ஆல்கஹாலுக்கும் மெழுகுக்கும் நடுவில் சதையை ஊறவைக்கும் சைலீன் என்ற திரவத்தை மட்டும் அவர் கடைசிவரை 'சைலன்' என்றே சொன்னார். பரீட்சையில் தானும் அப்படியே எழுதிவிடுவோமோ என்று ரிப்பனுக்கு ஒரே கவலை.)

இந்த இடத்தில் எனக்கொரு சந்தேகம். இந்தப் புருஷன் தேவைக்கு மேல் நல்லவராக இல்லையா? நீங்கள் நம்புவீர்களா? கீழே இறங்கிப் போய் அவளிடமே கேட்டேன்.

"அவர் சண்டையே போட மாட்டாரா?"

"ஏன் போடாம? ஒரு அட்டைல தப்பா எழுதிட்டு, அதுதான் சரின்னு சாதிச்சு ரெண்டு நாள் எங்கூடப் பேசல."

நிம்மதியாக இருந்தது. மேலே வந்து எழுத உட்கார்ந்தேன்.

4

எழுத்துத் தேர்வு நல்லபடியாகப் போயிற்று. செய்முறைத் தேர்வில் ஆளுக்கு மூன்று பிளாக். முதல் இரண்டும் நாடாவாக இறங்கின. மூன்றாவதை விரலால் தடவியதும் ரிப்பனின் கை நின்றது. சுற்றிலும் மெழுகு இறுகியிருக்க, நடுவில் சதை மட்டும் குழிந்து கொழகொழவென்றிருந்தது. நீர் முழுதாக வெளியேறவில்லை. அதனால் மெழுகு உள்ளே போகவில்லை. சீவினால் சிதறும். சிதறிய சதை திரும்ப வராது.

பக்கத்து மேசைகளில் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. தேர்வாளர் அருகில் வந்தார்.

"இத வெட்ட முடியாதுங்க மேடம்."

"மூணும் வெட்டணும்னு தாள்ல போட்டிருக்கே."

"இது சரியா ப்ராசஸ் ஆகலைங்க. மெழுக எடுத்துட்டுத் திரும்ப ஆல்கஹால்ல இருந்து ஆரம்பிக்கணும். இப்ப வெட்டினா உள்ள இருக்கறது போயிடும்."

"பரீட்சைக்கு வெச்ச துண்டும்மா. இத வெச்சு யாருக்கும் ரிப்போர்ட் போகப்போறதில்ல."

ரிப்பனுக்குக் கவுன்ட்டர் நாற்காலி கண்முன் வந்துபோனது. ஆனாலும் கை இயந்திரத்தின் பக்கம் போக மறுத்தது.

"மேல நம்பர் ஒட்டியிருக்குங்களே மேடம். நம்பர் இருந்தா எனக்கு அது ஒரு ஆளுதான்."

"உங்க இஷ்டம். நேரம் ஓடுது."

பிளாக்கைத் தட்டில் வைத்துவிட்டு, வெட்டாததற்குக் காரணத்தைத் தாளில் எழுதினாள். ஏழு வரி வந்தது.

வெளியே புருஷன் ஸ்கூட்டரோடு நின்றார். நடந்ததைச் சொன்னாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"காரணம் எழுதினியா?"

"எழுதினேன்."

"அப்ப ஏறு."

வழியில் இருவரும் டீ குடித்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் டீ டீயாக ருசித்தது என்று பிறகு சொன்னாள்.

5

ரிப்பன் தேறிவிட்டாள். இதை ஒளித்து வைத்து உங்களை இழுத்தடிக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள்.

ஆனால் கதை முடியவில்லை. கடிதத்தில் 'தேர்ச்சி' என்று மட்டுமே இருந்தது. அந்த மூன்றாவது பிளாக் எப்படி அங்கே வந்தது?

அ) வேண்டுமென்றே வைத்தார்கள். யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க.

ஆ) யாரோ அவசரத்தில் செய்த தவறு. தேர்வாளருக்கே தெரியாது.

"எதுவா இருக்கும்?" என்று ரிப்பனைக் கேட்டேன்.

"தெரியல. நான் கேட்டுக்கவும் இல்ல."

"தெரிஞ்சுக்கணும்னு தோணலையா?"

"எப்படி வந்திருந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன். இதுல தெரிஞ்சு என்ன பண்றது?"

அவளுக்குப் பண்ண ஒன்றுமில்லை. எனக்கும் உங்களுக்கும்தான் இருக்கிறது. 'அ' பிடித்தவர்கள் கதையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அது முடிந்த கதை. 'ஆ' என்கிறவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன்: கடைசி வரியை நீங்களே முடிக்க வேண்டும். எல்லோரும் போன பிறகு காலியான அந்த அறை. தேர்வாளர் மேடம் ஏழு வரியையும் படிக்கிறார், இன்னொரு தடவை படிக்கிறார். தட்டிலிருந்த பிளாக்கை எடுத்து, தானும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கிறார். பிறகு மதிப்பெண் கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவைக் கொண்டுபோய்