வாசல் சாக்கு

பட்டாசு மருந்து கலக்கும் அறையின் வாசலில் தொங்கிய சாக்கைத் தொட்டுப் பார்த்தாள் வேல்விழி. மறுபடியும் காய்ந்திருந்தது. காற்றில் ஒரு பொறி பறந்துவந்தால் அந்த ஈரச் சாக்குதான் தடுக்க வேண்டும். சித்திரை வெயிலும் அனல் காற்றும் ஊற்ற ஊற்ற உறிஞ்சின. தொட்டியும் வறண்டுவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றினாள். நனைந்த இடம் கண்ணெதிரே வெளுத்தது.

"ஏங்க, சாக்கு காஞ்சு போச்சு. வெளிய வாங்க!"

"இன்னும் கொஞ்சந்தான். ஆர்டர் நிக்குது," என்றான் உள்ளேயிருந்த அவள் புருஷன் முனியராஜ்.

நாசமாப் போற ஆர்டர். சாக்கை விலக்கி உள்ளே போய், அவன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"வெளிய போடீ!"

"நீங்க கலக்குங்க. பிள்ளைகளை யாரு பாப்பாகன்னு மட்டும் சொல்லிட்டுக் கலக்குங்க."