தவ்ரென் ஏற்றுகிற சூடு

மறுபடியும் ஏறிவிட்டது, இப்போதுதானே குறைத்துவிட்டு விரலை எடுத்தேன், சுவரிலிருக்கும் அந்த வெள்ளை வட்டம் ஒன்றும் தெரியாதது மாதிரி இருபத்திரண்டு டிகிரி என்று காட்டுகிறது, ஜன்னலடியில் ரேடியேட்டர் டக் டக்கென்று சூடாகிறது… சீ, என்ன கருமம் இது. திரைக்கு அந்தப் பக்கம் மாமா கிடக்கிறார், நேற்று விடிகாலையில் மூச்சு நின்றதிலிருந்து ஜன்னலைத் திறந்துபோட்டு ஜனவரிக் குளிரை உள்ளே விட்டுவைத்திருக்கிறோம், கடைசி மகன் வந்து மண் போடும்வரை உடம்பு தாங்க வேண்டும், அந்த மகன் தவ்ரெனோ, அப்பாவுக்கு முடியவில்லை என்று மட்டும் கேட்டுக் கிளம்பியவன், வார்சா விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் விரலைத் தேய்த்து அப்பாவுக்குச் சூடு ஏற்றுகிறான். வாடை வருகிறதா, இல்லை என் நினைப்பா? மூக்கைப் பொத்தப் போன கையைப் பாதியில் இறக்கினேன், என் மேலேயே எனக்கு அருவருப்பு.

போன இலையுதிர் காலத்தில் வந்தபோதுதான் இந்த வேலையைச் செய்தான், பாய்லரை ஏதோ பெட்டியோடு இணைத்தான், அறைக்கு ஒரு வட்டம், ரேடியேட்டரில் இருந்த பழைய திருகுகளையெல்லாம் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு பேட்டரித் திருகுகளை மாட்டினான், இனி அப்பாவுக்குக் குளிராது அண்ணி, நான் அங்கிருந்தே பார்த்துக்கொள்வேன் என்றான். மாமா சிரித்தார், "அங்கேருந்தே எனக்குச் சூடேத்துவியா? அப்ப என் டீயையும் அங்கேயே குடிச்சிரு." பாய்லரையே அணைத்துத் தொலை என்கிறார் மாமாவின் அண்ணன், பெரியப்பா, அணைத்தால் மற்ற அறைகளில் இருக்கும் இத்தனை சனமும் விறைத்துப்போகும், தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும்… காலையில் ரேடியேட்டர் திருகின் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன், மறு நிமிடமே அவன் போன். பக்கத்து அறையில் ஒப்பாரி, நான் கையைக் காட்டியதும் அத்தை சால்வை நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டார், கண் பிதுங்க, சத்தமில்லாமல், பெற்ற மகனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று.

"அண்ணி, அப்பா ரூம்ல என்ன நடக்குது? நாலு டிகிரி காட்டிச்சு, இப்ப ஒண்ணுமே காட்டல. நெஞ்சுச் சளியோட கிடக்குற மனுஷனை ஐஸ் பெட்டியில வச்சிருக்கீங்களா?"

"காத்தோட்டத்துக்குக் கொஞ்சம் ஜன்னலைத் திறந்தேன் தம்பி."

"கொஞ்சமா? நேத்துலேருந்து அப்படித்தான் காட்டுது. போனை அவர்கிட்ட குடுங்க."

தூங்குறார் என்றேன். பேட்டரியைத் திரும்பப் போட்டேன். வாயைக் கொப்பளித்தேன், அந்தச் சொல் போகவில்லை. சொல்லிவிடலாமே பெரியப்பா என்று கெஞ்சியும் பார்த்தேன், மனிதர் எரிந்து விழுந்தார், "சாவைப் போன்ல சொல்ல நாம என்ன நாதியத்தவங்களா? வந்து இறங்கட்டும், நாலு பெரியவங்க கையைப் புடிச்சு உட்கார வச்சுச் சொல்லுவோம். நீ அந்தப் பொட்டியைப் பாரு, போ." தந்தை போன செய்தியை ஒருவன் தன்னந்தனியாகக் கேட்கக் கூடாது, சரி, நல்ல வழக்கம்தான், என் அப்பா போனபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அந்தக் கைகள்தான் என்னைத் தாங்கின… ஆனால் அன்று சுவரில் இந்தச் சனியன் இல்லையே. அதனால்தான் பொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நான் குறைக்கிறேன், அவன் ஏற்றுகிறான், பாசத்தோடு ஏற்றுகிறான், ஒவ்வொரு முறையும் அவன் பாசம் இந்தத் திரைக்குள் போய் மாமாவைத் தொடுகிறது.

இதோ, விரலை நீட்டினேன், தொடவில்லை, நிச்சயமாகத் தொடவில்லை, எண் தானாக இறங்குகிறது… இருபது, பதினைந்து, பத்து, அதற்கும் கீழே, இனி இறங்க இடமில்லை என்னும்வரை. ரேடியேட்டர் சத்தம் அடங்கியது. போன் அடிக்கும் என்று காத்திருந்தேன், அடிக்கவில்லை.

"என்னம்மா, குறைஞ்சிருச்சா?" பெரியப்பா வாசலில் நின்று கேட்டார்.

"குறைஞ்சிருச்சு" என்றேன். யார் குறைத்தது என்று அவர் கேட்கவில்லை. நாளை நாலு பெரியவர்கள் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்வார்கள், அவனும் அப்போதுதான் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வான்… இப்போது அந்த விமான நிலையத்தில், அவ்வளவு கூட்டத்தில், அவன் கையை யார் பிடித்திருக்கிறார்கள்?